அடைப்பு என்ற சொல்லும் அப்பாவின் மாத்திரை அட்டையும்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலாவது மாசம். ஊருக்குப் போயிருந்தபோது தலைவலி மாத்திரை தேடி அவர் மேஜை டிராயரைத் திறந்தேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் பிரிக்காத அட்டைகளாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஆறு வாரத்துக்கும் மேல் அவர் எதையும் விழுங்கவில்லை. கேட்டதற்கு நிதானமாகத்தான் பதில் சொன்னார்: "அதான் அடைப்பை எடுத்தாச்சேடா. படத்துல நீயும்தானே பார்த்தே? அப்புறம் எதுக்கு மாத்திரை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னதில் லாஜிக் தப்பே இல்லை. அவருக்குக் காட்டப்பட்ட படத்திலிருந்து யோசித்தால் யாரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். தப்பு படத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் மீதான விமர்சனம். நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். உங்கள் மாத்திரையை என் கட்டுரையை வைத்து மாற்றாதீர்கள்.

படம் எங்கிருந்து வந்தது

ஆஞ்சியோ முடிந்ததும் மானிட்டரில் இரண்டு படம் காட்டுவார்கள். முதலாவதில் ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருக்கும். இரண்டாவதில் பளிச்சென்று விரிந்திருக்கும். "80 சதவீதம் அடைப்பு, இப்ப ஜீரோ." பார்க்கிற யாருக்கும் மனசு லேசாகிவிடும். எனக்கும் ஆனது.

இந்த உருவகத்துக்கு வயது அதிகமில்லை. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டியின் கால் ரத்தக்குழாயை உள்ளிருந்தே விரித்துக் காலைக் காப்பாற்றினார். ஆண்ட்ரியாஸ் க்ருண்ட்சிக் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் பலூன்களைச் செய்து பார்த்து, 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் 38 வயதுக்காரர் ஒருவரின் இதய ரத்தக்குழாயில் முதல் முறையாக விரித்தார். அந்தக் குழாய் 23 வருஷம் கழித்தும் திறந்தே இருந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 1986-ல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் வந்தன. எல்லாமே குழாய் வேலைதான். அந்த உருவகம் இல்லாமல் இந்தச் சிகிச்சையே பிறந்திருக்காது. அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் விமர்சிக்கிறேன்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 'மாரடைப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே அடைப்பு உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சை அடைக்கிற உணர்வைச் சொன்ன வார்த்தையாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் இன்று அதைக் கேட்கும் காது சாக்கடைக் குழாயை நினைத்துக்கொள்கிறது. அடைத்தால் நோய், குத்திவிட்டால் சரி.

படம் எதைக் காட்டவில்லை

ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடுகிற உள்வழியை மட்டும்தான் காட்டும். சுவரைக் காட்டாது. நோயோ சுவரில் இருக்கிறது. 1987-ல் சீமோர் கிளாகோவ் குழுவினர், இறந்தவர்களின் 136 இதயங்களை ஆராய்ந்து ஒன்று சொன்னார்கள்: சுவரில் கொழுப்பு சேரச் சேர ரத்தக்குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு குழாயின் குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் பிடிக்கும் வரைக்கும் உள்வழி சுருங்குவதே இல்லை. எந்தப் பிவிசி குழாயும் இப்படிச் செய்யாது. ஆக, படத்தில் 'நார்மல்' என்று தெரிகிற இடத்திலும் நோய் வளர்ந்திருக்கலாம்.

இன்னொன்று, பெரும்பாலான மாரடைப்புகள் குழாய் மெல்ல மெல்ல மூடி வருபவை அல்ல. சுவரிலுள்ள கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிகிறது, அங்கே ரத்தம் உறைகிறது, சில நிமிஷங்களில் வழி மூடுகிறது. கிழிகிற படிவு முந்தைய ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாத ஒன்றாகவும் இருக்கலாம். அப்பாவின் 80 சதவீதத்தைச் சரிசெய்தார்கள், சரி. மீதி இடங்களைப் பார்த்துக்கொள்வது அந்த அட்டார்வாஸ்டாட்டின்தான். அது டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது.

சோதனைகள் சொன்னது

உருவகம் உண்மையென்றால், அடைப்பை எடுத்தவர்கள் அதிக நாள் வாழவேண்டும். இதைத்தான் கரேஜ் என்ற ஆய்வு 2007-ல் சோதித்தது. நிலையான இதயநோய் உள்ள 2,287 பேரில் ஒரு பாதிக்கு மருந்துடன் ஆஞ்சியோபிளாஸ்டி, மறுபாதிக்கு மருந்து மட்டும். மரணம், மாரடைப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் ஐந்து வருஷத்தில் வித்தியாசமில்லை. 2020-ல் இஸ்கீமியா ஆய்வு, இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரை வைத்துக் கிட்டத்தட்ட அதே பதிலைச் சொன்னது.

சரி, ஆயுள் கூடாவிட்டாலும் நெஞ்சுவலி குறையுமே? 2017-ல் லண்டனின் ரஷா அல்-லமீ குழு நடத்திய ஆர்பிட்டா ஆய்வு அதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 200 பேர். எல்லோருக்கும் மயக்க மருந்து, காதில் ஹெட்போன். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைத்ததுபோல நடித்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு கவனித்த மருத்துவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஏற்றினார்கள். இரு குழுவுக்கும் இடையே வித்தியாசம் 16.6 விநாடி. தற்செயலாகவும் வரக்கூடிய அளவு.

இங்கேதான் எதிர்த்தரப்பு குதிக்கிறது. "ஸ்டென்ட் எல்லாம் ஏமாத்து வேலை" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே மாசம் ஒரு ஃபார்வர்டு வரும். அவர்களையும் விடக்கூடாது. ஆர்பிட்டாவில் சேர்ந்தவர்கள் ஒரே குழாயில் அடைப்பு உள்ளவர்கள், தினசரி வாழ்க்கை ஓரளவு நன்றாகவே ஓடியவர்கள். ஆறு வாரம் மருத்துவர்கள் அடிக்கடி போன் செய்து மருந்தை உச்சத்துக்குக் கொண்டுபோன பிறகு நடந்த ஒப்பீடு அது. நம்மூரில் யாருக்கு அப்படி போன் வருகிறது? அதே குழு 2023-ல் ஆர்பிட்டா-2 நடத்தியது. 301 பேர், இந்த முறை நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு. ஸ்டென்ட் வைத்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு நெஞ்சுவலி போனது, நடிப்புச் சிகிச்சைக் குழுவில் 15 சதவீதத்தினருக்கு. பலன் இருக்கிறது. ஆனால் அடைப்பை எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி மிச்சமிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கணும். குழாய்க் கதையில் இதற்கு இடமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், இந்த ஆய்வுகள் எதுவும் மாரடைப்பு நடந்துகொண்டிருப்பவரைப் பற்றியவை அல்ல. அந்த நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி உயிரைக் காப்பாற்றுகிறது, அங்கே ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை. ஃபார்வர்டு படித்துவிட்டு வீட்டிலேயே சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் செத்துப்போவார். இரண்டு நிலைகளுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வருகிற குழப்பம் இது.

பேட்ச் போட்டால் புது டிபென்டென்ஸி

எங்கள் தொழிலில் ஒரு பக்கைச் சரிசெய்யப் போடுகிற பேட்ச், புதிதாக ஒன்றைச் சார்ந்து நிற்கும். அதை டாக்குமென்ட் செய்யவில்லையென்றால் பின்னாடி வருபவன் நீக்கிவிடுவான். ஸ்டென்ட்டும் அப்படித்தான். வெறும் உலோக ஸ்டென்ட்டுக்குள் திசு வளர்ந்து மறுபடி சுருங்கியது. அதைத் தடுக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. மருந்து அந்த வளர்ச்சியை மெதுவாக்குகிறது. அதே காரணத்தால் உலோகத்தின் மேல் உடம்பின் மெல்லிய தோல் மூடுவதும் மெதுவாகிறது. மூடும்வரை ரத்தம் அங்கே உறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து: அப்பா மாதிரி நிலையான நோயாளிக்குப் பொதுவாக ஆறு மாசம், மாரடைப்பு வந்தவருக்கு ஒரு வருஷம். பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து திடீரென்று அடைபடலாம். அதாவது அடைப்பை எடுத்ததால்தான் மாத்திரை. அப்பாவின் தர்க்கத்துக்கு நேர் எதிர்.

இந்த ஒரு வாக்கியம் அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. மூன்று பக்கம் ஆங்கிலம், ஓடி, பிடி, ஹெச்எஸ் என்று சுருக்கெழுத்து, கடைசியில் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை. எதற்கு என்று ஒரு வரி கிடையாது. ஸ்டென்ட்டின் விலையை அரசு 2017-ல் கட்டுப்படுத்தியது, மருந்து பூசியது 29,600 ரூபாய் என்று. நல்ல காரியம். அந்த ஒரு வாக்கியத்துக்கு விலையே கிடையாது, ஆனாலும் கிடைக்கவில்லை.

மீண்டுவருவதிலும் இதே கதைதான். குழாய் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதால், கண்காணிப்புடன் படிப்படியாக உடற்பயிற்சி செய்ய வைக்கும் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. இதயநோயால் இறப்பதையும் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதையும் அது குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்-பின் படம் கிடையாது. அதுதான் அதன் குறை போலிருக்கிறது.

அன்று ராத்திரி அப்பாவிடம் வேறு உவமை சொல்லிப் பார்த்தேன். "அப்பா, நம்ம கிணத்துச் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு இடத்துல பெயர்ந்ததுக்கு உறை இறக்கியிருக்கு. சிமெண்ட் இன்னும் இறுகலை. மத்த பக்கமும் ஊறிப்போய்த்தான் இருக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே," என்றார். மறுநாள் காலையில் மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை.

என் உவமையும் ஓரிடத்தில் உடையும், தெரியும். ஆனால் அது உடைவதற்குள் அவர் மாத்திரையை விழுங்கிவிடுகிறார். உங்கள் வீட்டிலும் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது டிராயரை ஒருமுறை திறந்து பாருங்கள்.