அவர் குதிக்காத பந்துகள்

வாலிபால் லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். முன்பெல்லாம் செட்டர் தூக்கிய எந்தப் பந்துக்கும் முழு உயரம் எழுந்து அடித்தவர், இப்போது பாதியைப் பிளாக்குக்கு மேல் தட்டிவிடுகிறார். ஜம்ப் சர்வும் போய், நின்றபடி போடும் ஃப்ளோட் வந்துவிட்டது. பயந்துவிட்டார் என்கிறது கேலரி. போதாக்குறைக்கு, தொடையில் பட்டை கட்டிக்கொண்டு பொடி எடை தூக்கும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. நேற்று ஜிம்மில் சேர்ந்த பையன்கூட அதைவிட அதிகம் தூக்குவானாம்!

நான் அவர் கட்சிதான். ஆனாலும் கேட்கிறேன்: அவர் எந்தப் பந்துக்கு எழவில்லை என்று யாராவது கவனித்தீர்களா? செட்டின் முதல் பாதியில் தட்டுகிறார். ஸ்கோர் 20-ஐத் தொட்டதும் எழுகிறார். பயந்தவர் நெருக்கடியில்தானே ஒதுங்குவார்? இவர் குதிப்புகளைச் சேமிக்கிறார்.

சேமிக்கக் காரணம், முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண். 2005-இல் வெளியான நார்வே ஆய்வில் முன்னணி வாலிபால் வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு அங்கே வலி இருந்தது. வெறும் ஓய்வால் அது தேறாது, பளு வேண்டும். ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 70 சதவீதத்துக்கு மேல் வைத்து, மெதுவாகத் தூக்குவது வழக்கமான வைத்தியம். வலி கொதிக்கும் வாரங்களில் அது முடியாது. விட்டாலோ தொடை வற்றும்.

பட்டை அந்த வாரங்களுக்கானது. காற்றடைத்த பட்டை தொடையின் மேற்பகுதியை இறுக்கும்போது உள்ளே வரும் ரத்தம் குறைகிறது, திரும்ப வேண்டியது தேங்குகிறது. ஆக்ஸிஜன் போதாத தசை, 20-30 சதவீத எடைக்கே பெரும் பளுவைச் சுமப்பதுபோல் திணறி வளர்கிறது. முதலில் 30 தடவை, பிறகு மூன்று முறை 15, நடுவில் அரை நிமிட ஓய்வு. வீடியோவைக் கடைசிச் சுற்று வரை பாருங்கள். அந்த முகம் சொல்லும், பொடி எடையா என்று. ஜப்பானில் யோஷியாகி சாட்டோவுக்கு 1966-இல் மண்டியிட்டு உட்கார்ந்து கால் மரத்தபோது தோன்றிய யோசனை இது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரப் பட்டைப் பயிற்சிக்குப் பின் குதிகால் நாண் கன எடைக்காரர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தடித்து விறைத்தது. அவை நலமான நாண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டை மாயமும் இல்லை. மெதுவான பயிற்சி, தரையில் இறங்கும் வேகத்தை நாணுக்குப் பழக்காது. கன எடையும் குதிப்பும் படிப்படியாகத் திரும்பியே ஆக வேண்டும். என் கணக்கில் முதலில் பிளாக் குதிப்பு கூடும், அப்புறம் பின்வரிசைத் தாக்குதல், கடைசியில்தான் ஜம்ப் சர்வ். அதற்குள் பொறுமையிழந்து பயிற்சியாளர் அவரை பெஞ்சில் உட்கார்த்தினால் சுத்த முட்டாள்தனம்.

இன்னொன்றும் நடக்கும். ரப்பர் பட்டையை மனம்போல் இறுக்கிக்கொண்டு பையன்கள் கிளம்புவார்கள். முறையான இடங்களில் ரத்தத்தை முழுக்க நிறுத்தும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம்தான் வைக்கிறார்கள். ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

எதிரணிகளோ தட்டலுக்காகப் பின்வரிசையை முன்னால் ஏற்றி நிறுத்தப் பழகிவிட்டன. பிளே-ஆஃபிலும் அப்படியே நிற்பார்கள், அவர் முதல் பந்திலிருந்தே அவர்கள் தலைக்கு மேல் ஆழமாக அடிப்பார்.