தேசிங்கு, மதுரைவீரன் கதைகளின் திரைவடிவங்கள்

மதுரை வீரன் (1956), ராஜா தேசிங்கு (1960) ஆகிய இரண்டும் தமிழ்க் கதைப்பாடல்களைத் தழுவிய திரைப்படங்கள். இரண்டையும் தயாரித்தவர் லேனா செட்டியார். நாயகன் எம். ஜி. ஆர்.; நாயகியர் பானுமதி, பத்மினி; இசை ஜி. இராமநாதன். எழுத்தில் கண்ணதாசனின் பங்கு இரண்டிலும் உண்டு. முன்னதை யோகானந்தும் பின்னதை டி. ஆர். ரகுநாத்தும் இயக்கினர். முன்னது பெரும் வெற்றி பெற்றது. பின்னது அவ்வாறு ஓடவில்லை.

நாயகன் இறப்பதே இத்தோல்விக்குக் காரணம் என்பது பொருந்தாது. மதுரைவீரனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டே இறக்கிறான். வட தமிழகத்தில் விடிய விடியத் தேசிங்கு நாடகம் பார்த்தவர்களும் முடிவு தெரிந்தே பாய் விரித்தவர்கள்தாம்.

செஞ்சிக் கோட்டையை ஆண்ட இராசபுத்திரரான தேஜ்சிங்கே மக்கள் வழக்கில் தேசிங்கு ஆனார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் 1714 அக்டோபரில் நடந்த போரில் இளம் வயதிலேயே இறந்தார். அவருக்காக உயிர் கொடுத்த நண்பன் மகமத்கான்தான் கதைப்பாடலின் உயிர்நாடி. திருமணக் கோலத்தில் இருந்தவன், செய்தி கேட்டதும் போருக்குப் புறப்படுகிறான். நவாப்பும் முசுலிம், நண்பனும் முசுலிம். இருவருக்கும் இரத்த உறவு இல்லை. நட்பு ஒன்றே காரணம்.

படத்திலும் இந்த நண்பன் உண்டு. ஆனால், தாவூத்கான் என்னும் சகோதரன் புதிதாகச் சேர்க்கப்பட்டு, அவ்வேடமும் எம். ஜி. ஆருக்கே தரப்பட்டது. இரட்டை வேடத்தின் கவர்ச்சி தயாரிப்பாளருக்குப் புரியும். கதைக்கு அது தேவையில்லை. சமயம் கடந்த நட்பைப் பேசிய கதை, பிரிந்த உடன்பிறப்புகளின் கதையாக ஒதுங்கிவிட்டது.

மதுரை வீரனில் பிறப்புச் சிக்கல் கதைப்பாடலிலேயே இருக்கிறது. கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்ட அரசகுமாரனை அருந்ததியர் தம்பதியர் வளர்க்கின்றனர். பொம்மியுடனான சாதி கடந்த காதலை மூடி மறைக்கவே அரசப் பிறப்பு பின்னர் ஒட்டவைக்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. படம் அந்த ஒட்டை நீக்கவில்லை. எனினும் வளர்த்த பெற்றோராக வரும் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நினைவில் நிற்கும் அளவுக்குப் பெற்ற அரசனும் அரசியும் நிற்பதில்லை. செருப்புத் தைக்கும் அந்த வீடே வீரனின் வீடாகப் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. படத்தின் திட்டத்தை நடிகர்கள் மீறிய இடம் இது.

ராஜா தேசிங்கில் அத்தகைய மீறல் நிகழவில்லை. மகமத்கானுக்கு உரிய இடத்தைச் சகோதரனின் கதை எடுத்துக்கொண்டது.