பக்கத்துச் சுவரின் அடிமண்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பழைய நெசவாளர் வீடுகள் பலவும் ஒட்டிக் கட்டியவை. நீளமான, ஒடுங்கிய மனை. இரு வீட்டுக்கும் பொதுச்சுவர், அல்லது கை நுழையாத இடைவெளியில் இரண்டு சுவர்கள். உள்ளே குழித்தறி. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் அந்தக் குழி தரைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்து மனையில் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், ஈரம் முதலில் காட்டுவது அங்கேதான். பட்டு நூலுக்கு ஈரம் ஆகாது.

ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு எழுப்பும்போது தொல்லை தொடங்குகிறது. பழைய சுவர் மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டியது. அதன் கடைக்கால் ஆழமில்லாதது. புது வீட்டின் பில்லர் குழி அதற்கும் கீழே போகும். ஜேசிபி ஒரே நாளில் மனை நீளத்துக்கும் பள்ளம் பறித்துவிட்டால், அண்டைச் சுவரைத் தாங்கிய மண்ணுக்குப் பக்கபலம் போய்விடுகிறது. ஐப்பசி மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு அளவு உண்டு. ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தர விதிப்படி, மணற்பாங்கான மண்ணில் அடுத்தடுத்த இரு அஸ்திவாரங்களின் அடிவிளிம்புகளை இணைக்கும் சரிவு, ஒன்றுக்கு இரண்டு என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. இரண்டடி கூடுதல் ஆழம் என்றால் நான்கடி விலக வேண்டும். ஒட்டு வீட்டுத் தெருவில் நான்கடிக்கு எங்கே போவது? அதனால்தான் அனுபவமுள்ள மேஸ்திரி பள்ளத்தைத் துண்டு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பறித்து, கான்கிரீட் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுவார். எல்லையோரத் தூணை உள்தூணோடு பீம் போட்டுப் பிணைப்பது பொறியாளரின் பங்கு.

சட்டமும் பக்கத்து வீட்டுக்காரரைக் கைவிடவில்லை. முதலில் சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணங்களிலும் குடகிலும் நடைமுறைக்கு வந்த 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், இயற்கை நிலையிலுள்ள நிலத்துக்கு அண்டை மண்ணின் தாங்கலை உரிமையாகவே தருகிறது. கட்டடத்துக்கு அந்த உரிமை வர, 20 ஆண்டுகள் தடையின்றித் தாங்கல் பெற்றிருக்க வேண்டும். காஞ்சியின் பழைய வீடுகளுக்கு அது பெரிய நிபந்தனை அல்ல.

ஆனால் இந்த உரிமை பெரும்பாலும் சுவர் விரிசல் விட்ட பிறகே நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, அதிகாரி நேரில் பார்க்காமலே உடனடி ஒப்புதல் கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். பக்கத்துச் சுவரை யாரும் பார்ப்பதில்லை என்பது நல்லதல்ல.

இலங்கையில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்து வீடு வளவின் நடுவே நிற்பது. அங்கே அண்டைச் சண்டை அத்திவாரத்தைப் பற்றியதைவிட வேலியைப் பற்றியதாகவே இருக்கும். 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி 10 ஆண்டு எதிரிடை ஆட்சி காணி உரிமையையே மாற்றிவிடும் என்பதால், நகர்ந்த வேலியை யாரும் லேசாக விடுவதில்லை.

காஞ்சிக்குப் பாடம் கொழும்பில் இருக்கிறது. வெள்ளவத்தை போன்ற நெரிசலான பகுதிகளில் மாடித் தொகுதிகள் எழும்போது, பைலிங் தொடங்குமுன் அயல் வீடுகளின் வெடிப்புகளை அளந்து, படமெடுத்துப் பதிந்துவைக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த வெடிப்பு ஆய்வைச் செய்து அறிக்கை தருகிறது. எந்த வெடிப்பு பழையது, எது புதியது என்று பின்னால் வாதிட வேண்டியதில்லை. சிறு வழக்குகள் பலவும் நீதிமன்றம் போகுமுன், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையைக் கடக்க வேண்டும். அங்கே அந்த அறிக்கை பேசும். தமிழ்நாட்டிலோ காவல் நிலையப் புகாரும் உரிமையியல் நீதிமன்றத் தடையாணையும்தான் பழகிய வழிகள்.

கொழும்பிலும் சிறு வீடுகளுக்கு இந்த ஆய்வு நடப்பது அரிது. பெரிய கட்டடங்களுக்கே நடக்கிறது. ஆனால் காஞ்சியின் ஒட்டு வீட்டுத் தெருக்களுக்கு நிறுவனம்கூடத் தேவையில்லை. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம், பொதுச்சுவர் உள்ள மனைகளில் பள்ளம் பறிக்குமுன் இரு வீட்டாரும் கையெழுத்திட்ட படப் பதிவைச் சுயசான்றோடு கேட்க வேண்டும். அந்த விதி வரும்வரை, ஜேசிபிக்கு முன்பணம் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துச் சுவரைச் சேர்ந்து பாருங்கள். தேதியோடு படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.