கறுப்பென்றால் இதல்லவா கறுப்பு!

அறை விளக்கை அணைத்துவிட்டு, போர்வைக்குள் இருந்துகொண்டு, அமோலெட் திரையில் ‘கைதி’ பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்தப் படத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றே சொல்வேன். 2019 தீபாவளிக்கு வந்த படம். பாட்டுக் கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே இரவில் கதை முழுவதும் ஓடி முடிகிறது. என் பழைய எல்சீடி போனில் பார்த்தபோது அந்த இரவெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. லொறிக்குப் பின்னால் காடு எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. புதுப் போன் வந்த பிறகு மறுபடி போட்டேன். அல்லாஹ்! லொறி வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் அட்டக் கறுப்பு. படம் எங்கே முடிகிறது, போனின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ‘சுபஹானல்லாஹ்’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவி, “இந்த நேரத்துல என்னத்தக் கண்டீங்க?” என்று எழும்பிவிட்டாள். கறுப்பைக் கண்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கல்முனை பஸாரில் எனக்குத் தெரிந்த போன் கடைக்காரக் காக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் இதில் ஓயாத தர்க்கம். “ரெண்டும் ஒண்டுதான் தம்பி. எழுத்துத் தெரியுதா, படம் தெரியுதா, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கொம்பனிக்காரன்ட கத” என்பார். நான் விடுவதில்லை. கெமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று விரல் விட்டு எண்ணுகிற நாம், ஸுபஹுக்கு எழும்பியது முதல் படுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பது கெமராவையா, திரையையா? கொடுக்கிற காசில் பாதியைத் திரைக்காகவே கொடுக்கலாம் என்கிற கட்சி நான்.

எல்சீடி என்பது அடிப்படையில் ஒரு தடுப்பு. பின்னால் வெள்ளை விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கிற திரவப் படிகம் அந்த ஒளியை வேண்டிய இடத்தில் விடும், வேண்டாத இடத்தில் மறிக்கும். வெயில் நேரத்தில் யன்னலைச் சாத்தினாலும் இடுக்கால் வெளிச்சம் கசியுமே, அந்தக் கசிவுதான் எல்சீடியின் சாம்பல் கறுப்பு. ஓஎல்ஈடியில் பின்விளக்கே இல்லை. புள்ளி ஒவ்வொன்றும் தானாகவே எரிகிற விளக்கு. என் கையில் இருக்கிற கெலக்ஸி ஏ55இன் திரை 1080க்கு 2340. பெருக்கிப் பாருங்கள், 25 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்துவிடுகிறது. அமோலெட் என்பதும் இதே ஓஎல்ஈடிதான். புள்ளிகளை ஏற்றி அணைக்கிற சுற்றோடு சேர்ந்து வருவதால் அந்தப் பெயர்.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரே கொம்பனியின் கணக்கைக் காட்டுவேன். 2019இல் அப்பிள் இரண்டு வகைப் போன்களை ஒன்றாக வெளியிட்டது. ஐபோன் 11இல் எல்சீடி. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான விகிதம் 1400க்கு 1 என்று அவர்களே எழுதினார்கள். ஐபோன் 11 புரோவில் ஓஎல்ஈடி. அங்கே 20 இலட்சத்துக்கு 1. விளம்பரக் கணக்கென்று நூற்றில் ஒரு பங்காக வெட்டினாலும் மிச்சம் 20,000 இருக்கிறது!

இதன் பூர்வீகம் இன்னும் சுவையானது. திரவப் படிகத்தை 1888இல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்கிற ஒஸ்திரியத் தாவரவியலாளர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கெரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை. ஓஎல்ஈடிக்கு வழி திறந்தவர்களோ கொடக் கொம்பனியில் வேலை செய்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்கிற இருவர். அவர்களுடைய கட்டுரை 1987இல் வந்தது. மஞ்சள் பெட்டியில் பிலிம் ரோல் விற்ற அதே கொடக்! பிலிமையும் கடதாசிப் படத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிய போனுக்கு மிக அழகான திரையின் விதையும் அந்த வீட்டிலிருந்தே போயிருக்கிறது.

முன்பெல்லாம் இது பணக்காரச் சமாசாரம். 2010இல் கெலக்ஸி எஸ் ‘சுப்பர் அமோலெட்’ என்று வந்தபோது கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அப்பிளே 2017இல் ஐபோன் எக்ஸுடன்தான் போனில் இதற்கு மாறியது. இப்போது கெலக்ஸி ஏ15 போன்ற கைக்கடக்கமான விலைப் போனிலும் அமோலெட் இருக்கிறது. ஆகவே காசில்லை என்கிற சாட்டு இனிச் செல்லாது.

சரி, வித்தியாசம் இருக்கிறது. அது நமக்கு முக்கியமா? இதற்குப் பதில் வேண்டுமானால் மருதமுனைக்கு வாருங்கள்.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரியும் சாரனும் நெய்கிற ஊரில் நிறத்தைப் பற்றி யாரும் பொத்தாம் பொதுவாகப் பேசமாட்டார்கள். சிவப்பு என்று சொன்னால், எந்தச் சிவப்பு என்று திருப்பிக் கேட்பார்கள். என் ராத்தா அங்கே சாரி எடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறார். குருநாகலில் இருந்து ஒரு வாடிக்கையாளர், அரக்கு நிறச் சாரி கையில் கிடைத்ததும், “படத்துல நல்ல சிவப்பா இருந்துச்சே” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ராத்தாவுக்குச் சரியான கவலை. நான் விடுவேனா? சாரியை விறாந்தைப் பாயில் விரித்தேன். ஒரு பக்கம் ராத்தாவின் எல்சீடி போன், மறு பக்கம் என் அமோலெட், இரண்டிலும் அதே படம்.

மூன்று சாரி தெரிந்தது! ராத்தாவின் போனில் அரக்கு வெளிறி, கழுவிக் கழுவிப் பழசான துணியாகிவிட்டது. என் போனிலோ அது கல்யாண வீட்டுச் சிவப்பு. பாயில் கிடந்த அசல் சாரி இரண்டுக்கும் நடுவில், மண் கலந்த ஆழமான அரக்காக இருந்தது. அமோலெட்டின் குணம் அது. சிவப்பையும் பச்சையையும் மிகத் தூய்மையாகக் காட்டக்கூடிய திரை. கொம்பனிக்காரர்கள் கடையில் கண்ணைப் பறிக்கட்டும் என்று ‘விவிட்’ என்கிற அமைப்பில் அதை இன்னும் இழுத்து வைத்திருப்பார்கள். செட்டிங்ஸுக்குள் போய், டிஸ்ப்ளேயில் ‘ஸ்க்ரீன் மோட்’ என்பதைத் திறந்து ‘நெச்சுரல்’ என்று மாற்றினேன். அந்தச் சிவப்பு அப்படியே அடங்கி அரக்காக இறங்கியது. ராத்தா சாரியின் தலைப்பைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கரைக் கோடுகூட ஒத்துப்போனது. “இதத்தான்டா நான் சொல்ற, இதுதான் நிறம்!” என்று அவர் சொன்னபோது, காக்காவை அந்த இடத்துக்குக் கூட்டி வரவில்லையே என்றிருந்தது.

மயில் கழுத்து நிறத்திடம் மட்டும் என் திரையும் தோற்றது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெய்வதால் சாரியை அசைக்க அசைக்கப் பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கும். நின்ற இடத்தில் நிற்கிற படத்தில் அதை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. அதற்கு ராத்தா இப்போது சிறு வீடியோவாகவே எடுத்து அனுப்புகிறார். படத்தையும் டியூப் லைட்டின் கீழ் எடுக்காமல் காலை வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்தே எடுக்கிறார். வாங்குபவரின் போன் எதுவென்று நமக்குத் தெரியாதே; அதனால் ‘இது கடும் அரக்கு’ என்று எழுத்திலும் போட்டு விடுகிறார்.

இனி நோன்பு மாதத்து இரவு. கடைசிப் பத்தில், பள்ளியில் விளக்கைக் குறைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் இருந்து ஓதுகிற நேரம். போனில் குர்ஆனைத் திறந்து, பின்னணியைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாக்கி வைத்தால், எல்சீடி வைத்திருப்பவரின் முகத்தில் ஒரு நீலச் சாம்பல் வெளிச்சம் ஏறி நிற்கும். பக்கத்திலிருப்பவருக்கும் அது இடைஞ்சல். என் போனில் எழுத்து மட்டும்தான் எரிகிறது! அலிஃபும் லாமும் காற்றில் நிற்கின்றன. மேலும் கீழும் வரும் ஹரகத்துக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.

ஆனால் இந்தக் கூர்மைக்கான முழுப் பெயரையும் அமோலெட்டுக்குக் கொடுத்துவிட முடியாது. எழுத்துத் துல்லியம் புள்ளிகளின் நெருக்கத்தைப் பொறுத்தது. அதில் ஓஎல்ஈடிக்கு ஒரு குறையும் உண்டு. பெரும்பாலான போன்களில் பச்சைப் புள்ளிகள் முழு எண்ணிக்கையில் இருக்கும். சிவப்பும் நீலமும் பாதிதான். ஆகவே நெருக்கம் குறைந்த அமோலெட்டை விட அதே அளவு எல்சீடியில் ‘ணை’யின் சுழிகள் துப்புரவாகத் தெரியலாம். 1080 வரி உள்ள திரை என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்முடையது கிழக்குக் கடல். காலையில் கரைவலை இழுத்து மீன் கொட்டுகிற நேரத்தில் கடற்கரையில் நின்று போனைப் பார்த்தால், பழைய எல்சீடியில் நம் முகம்தான் தெரியும். என் போன் வெயிலைக் கண்டதும் தானாகவே ஒளியைக் கூட்டி 1000 நிட் வரைக்கும் போகிறது; மீன் விலையையும் வந்த மெசேஜையும் கையால் மறைக்காமலே வாசிக்கலாம். இருந்தாலும் உச்சி வெயிலில், சம்மாந்துறை வயல் வரம்பில், என் போனையும் வென்ற ஒன்றைக் கண்டிருக்கிறேன். மாமா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நோக்கியா 1100! 2003இல் வந்த கறுப்பு வெள்ளைத் திரை. வெயிலோடு போட்டி போடாமல் வெயிலையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டுவதால், வெயில் கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம். மாமா அதைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் இந்தத் திரை என்னிடம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் ஏங்குவதுண்டு. எல்சீடியில் திரையைக் கறுப்பாக்கினாலும் பின்விளக்கு எரிந்து பற்றரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஓஎல்ஈடியில் கறுப்பென்றால் மிச்சம். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பதில் வாயடிக்கிறவர்கள் அதிகம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்து பார்த்தது. ஒளியை முழுதாக வைத்தால் டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கிறது. 30, 50 சதவீத ஒளியிலோ வெறும் 3 முதல் 9 சதவீதம்தான். வீட்டுக்குள் ஒளியைக் குறைத்து வைத்துப் பார்ப்பவருக்குப் பெரிய இலாபமில்லை. வெளியே முழு ஒளியில் வேலை செய்பவருக்கு அள்ளிக் கொடுக்கும்.

காக்காவின் பக்கத்தில் பலமாக இருக்கிற ஒரே ஒரு வாதம், உடைந்தால் என்ன செய்வது என்பது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அமோலெட் டிஸ்ப்ளே விலை கூடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, வெளியூரிலிருந்து வருகிற எந்தச் சாமானும் நமக்குக் கிட்டாமல் போனதே, அதில் இதுவும் ஒன்று. இந்த இடத்தில்தான் காப்பி டிஸ்ப்ளே நுழைகிறது. அமோலெட் இருந்த இடத்தில் மலிவான எல்சீடியைப் போட்டுத் தருவார்கள். பின்விளக்கு இருப்பதால் அது கொஞ்சம் தடிப்பு. விளிம்பு சற்றுத் தூக்கி நிற்கும். திரைக்குக் கீழே விரலை வைத்துத் திறக்கிற வசதியும் போய்விடும், ஏனென்றால் பெரும்பாலான போன்களில் அந்த சென்சர் அமோலெட்டின் ஊடாகத்தான் விரலைப் பார்க்கிறது. கறுப்பு போச்சு, பற்றரி மிச்சமும் போச்சு. நல்ல கவரும் டெம்பர்ட் கிளாஸும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துஆதான்.

இன்னும் இரண்டு குறை. ஒரே படம் மணிக்கணக்காக நின்றால் காலப்போக்கில் அதன் தடம் பதிந்துவிடும். நீலப் புள்ளிகள்தான் முதலில் களைக்கும். ஒளியை மிகவும் குறைக்கும்போது இந்தத் திரை வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் மங்குகிறது. பல சாம்சங் போன்களில் செக்கனுக்கு 240 முறை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மச்சான் ஒருவருக்கோ அரை மணித்தியாலத்தில் தலையிடி வந்துவிடுகிறது. அவர் எல்சீடியோடு சந்தோசமாக இருக்கட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன். முழுக் கறுப்புப் படம் ஒன்றை உங்கள் போனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்கிற போனுக்கு அதை அனுப்பித் திறந்து, ஒளியை முழுதாகக் கூட்டி, இரண்டு கையாலும் திரையை மூடிக்கொண்டு விரலிடுக்கால் எட்டிப் பாருங்கள். உள்ளே சாம்பல் வெளிச்சம் தெரிந்தால் எல்சீடி. ஒன்றுமே தெரியாவிட்டால், இருட்டு மட்டும் இருந்தால், விலையைப் பேசத் தொடங்குங்கள். பிறகு மறக்காமல் வெளியே கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.