ஜிப்சிக்குப் புதுப் பட்டை

எங்கள் ஜிப்சி வலப்பக்கம் சாய்ந்து நிற்க ஆரம்பித்து நாலைந்து வருடம் இருக்கும். ஓட்டுபவர் உட்காரும் பக்கம் அது. அந்தப் பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள்தான் முதலில் தளர்ந்தன. போன வருடம் அளவு நாடாவை எடுத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை அளந்து பார்த்தேன். முன் இடது 428 மி.மீ., முன் வலது 409. பின்னால் இரண்டு பக்கமும் பட்டை வளைவே இல்லாமல் பலகை மாதிரி நேராகக் கிடந்தது. ஆழியாறு பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போகும் ஓடைத் தடத்தில் நாலு பேரோடு இறங்கினால், அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் இடிக்கிற இடி தண்டுவடம் வரை ஏறும்.

புதுப் பட்டை போட்டே ஆக வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், இரண்டு அங்குலம் உயர்த்தும் தொகுப்பாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, என் வீட்டுக் கொட்டகையிலேயே அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு சனி, ஞாயிறுகளில் மாட்டினேன். அதற்குப் பின் 600 கி.மீ. ஓட்டிவிட்டேன்.

வீட்டில் செய்யத் துணிந்ததற்குக் காரணம் இந்த வண்டியின் அடிப்பகுதி. சுசூகி எஸ்ஜே410-ஐ அடிப்படையாக வைத்து 1985-ல் மாருதி கொண்டுவந்தது ஜிப்சி. முதலில் 970 சிசி எஞ்சின். 1996-ல் 1298 சிசி எஞ்சினோடு ‘கிங்’ வந்தது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ ஆனது. மேலே இத்தனை மாறியும் கீழே கடைசி வரை ஒரே அமைப்புதான்: முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு, நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக் கழற்றும்போது வருகிற உயிர்ப் பயம் இதில் இல்லை. மாட்டு வண்டிக்குப் பட்டை மாற்றியவருக்கே பாதி வேலை தெரியும்.

உயர்த்துவதற்கு மூன்று வழி உண்டு. மலிவானது, பட்டையின் ஒரு நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமானதாக மாற்றுவது. நுனி மட்டும்தான் இறங்குகிறது, அச்சு இருப்பது நடுவில். அதனால் ஷாக்கிளில் நாலு அங்குலம் கூட்டினால் வண்டி ஏறுவது இரண்டு அங்குலம். ஜிப்சியில் முன் ஷாக்கிள் இருப்பது பட்டையின் முன் நுனியில். அந்த நுனி இறங்கினால் அச்சு முன்பக்கம் குப்புறச் சாய்கிறது, காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேருக்கு வர வேண்டிய சக்கரம் வராது. நேர்ச் சாலையில் வண்டி அலையும். மலைப்பாதையில் இது விளையாட்டில்லை. தளர்ந்த பட்டை தளர்ந்த பட்டையாகவே இருக்கும் என்பது இன்னொரு குறை.

இரண்டாவது வழி, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே தூக்கி வைப்பது. ஐந்து அங்குலம் போலக் கிடைக்கும். அச்சில் வெல்டிங், ஸ்டியரிங் கம்பிகள், பிரேக் குழாய் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அது பட்டறை வேலை; எனக்கு அந்த உயரமும் தேவையில்லை. மூன்றாவது வழிதான் நான் எடுத்தது: வளைவு அதிகமுள்ள புதுப் பட்டைக் கட்டுகள், அவற்றுக்குத் தோதான நீள ஷாக் அப்சார்பர்கள்.

வாங்கிய தொகுப்பில் பட்டைகள் முதல் தரம். இலைகளின் விளிம்பு மழுங்கத் தேய்த்திருந்தது, துளைகள் நேராக இருந்தன, இடது வலது வேறுபாடு இல்லை. யூ போல்ட்டில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஜிப்சியில் பட்டை அச்சுக்கு அடியில் இருப்பதால் யூ போல்ட்டின் இரண்டு கால்களும் தரையைப் பார்த்துத் தொங்கும். வந்தவை நட்டுக்குக் கீழேயும் 35 மி.மீ. நீண்டுகொண்டிருந்தன. பாறையில் அந்த மரை நசுங்கினால் அடுத்த முறை நட்டு கழலாது. எட்டுப் போல்ட்டின் பதினாறு கால்களையும் முறுக்கி முடித்தபின் அறுத்து, அரம் போட்டு, பெயின்ட் அடித்தேன். உயரத்துக்காக விற்கும் பொருள் அச்சுக்கடியில் இப்படித் தொங்கினால், கொடுத்த உயரத்தில் ஒரு பங்கைத் தானே திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

வேலை தொடங்க ஒரு வாரம் முன்பே எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட வேண்டும், காலையும் மாலையும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை முதலில் எடுத்தேன். பின் சக்கரங்களைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்கை நம்பக் கூடாது. சேஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு, அச்சுக்கு அடியில் உருளும் ஜாக்கி. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். ஒரு விரிசல் போதும், மேலே ஒரு டன் இரும்பு இருக்கிறது.

பின்பக்க யூ போல்ட் நாலும் அரைமணியில் வந்துவிட்டன. இடது பின் பட்டையின் முன் நுனிப் போல்ட் அந்த முற்பகல் முழுவதையும் தின்றது. பட்டையின் கண்ணுக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் இரும்புக் குழல், குழலுக்குள் போல்ட். இருபது வருடத் தண்ணீரில் குழலும் போல்ட்டும் ஒரே இரும்பாகிவிட்டன. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட் திரும்புகிறது. கூடவே குழலும் திரும்புகிறது. ரப்பர் முறுக்கி விட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. சம்மட்டி, ஊதுவிளக்குச் சூடு, மறுபடி எண்ணெய், எதற்கும் அசையவில்லை. ரப்பர் புகைந்து கண்ணெரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

“மாமா, இது வராது. அறுத்துரலாம்” என்றான் மருமகன்.

அவன் சொன்னது சரி. பட்டைக்கும் தாங்கிக்கும் நடுவில் கிரைண்டர் தகட்டை விட்டு இரண்டு பக்கமும் அறுத்ததும் பட்டை கீழே விழுந்தது. இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் நாலு நுனிப் போல்ட்டும் புதிதாகக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும், பழைய போல்ட்டின் தலையில் இருக்கும் வலிமை எண்ணுக்குக் குறையாததாக. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை திறந்திருக்காது.

புதுப் பட்டையை ஏற்றும்போது நடுப் போல்ட்டின் தலை அச்சுத் தாங்கியின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். உட்காராமல் யூ போல்ட்டை முறுக்கினால் அச்சு கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும். பழைய யூ போல்ட்டையே போடலாமா என்ற ஆசை, புதியவற்றின் நீளத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது. பொள்ளாச்சியில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “வேண்டாங்க தம்பி. ஒருக்கா இழுத்த கம்பி மறுக்கா பிடி கொடுக்காதுங்க” என்றார். அவர் சொன்னதில் உலோகவியல் முழுவதும் இருக்கிறது. முறுக்கும்போது யூ போல்ட் ரப்பர் மாதிரி சிறிது நீள்கிறது; அந்த இழுவிசைதான் பிடி. மரை இழுபட்டுத் துருவேறிய பழைய போல்ட் அதே முறுக்கில் அதே பிடியைத் தராது.

பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. நுனிப் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் உருளுகிற பொருள் அல்ல, முறுகுகிற பொருள். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் தாங்கியோடு பூட்டிக்கொள்கிறது. அதன்பின் பட்டையின் ஒவ்வொரு அசைவையும் ரப்பர் முறுகித்தான் விட வேண்டும். தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகி நிற்கும். பட்டை இறங்க மறுக்கும், ஓட்டம் கட்டையாக இருக்கும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். கையால் முறுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, பம்பரில் ஏறி நாலு குதி குதித்து, எடை முழுவதும் பட்டையில் உட்கார்ந்த பிறகு அடியில் படுத்து டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். ‘தொகுப்பு போட்டேன், வண்டி கல்லு மாதிரி ஆயிடுச்சு’ என்று குறைப்படும் வண்டிகளில் பாதி இந்த ஒரு தவறால்தான் என்பது என் எண்ணம்.

முன்பக்கம் அடுத்த வாரம். பிரேக் குழாயை அச்சு முழுதாகத் தொங்கும் நிலையில் பார்த்தேன். இழுபடாமல் தளர்வாகவே இருந்தது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து போகும் டிராக் லிங்க்கின் சாய்வு கூடியதால், சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நின்றது. டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து நேராக்கினேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக வண்டியின் நடுவில் தொங்குவதால் கேஸிலிருந்து அச்சுகளுக்குப் போகும் இரண்டு ஷாஃப்டுகளின் கோணமும் கூடியிருக்கிறது. இரண்டு அங்குலத்துக்கு அதிர்வு ஏதும் வரவில்லை.

உயர்த்தி முடித்ததும் முன் இடது 474, முன் வலது 471. சாய்வு போய்விட்டது. இப்போது பலர் எதிர்பார்க்காத ஒரு கணக்கு. ஜிப்சியின் தரை இடைவெளி 210 மி.மீ. என்பது டிஃபரன்ஷியலின் அடியில் எடுத்த அளவு. நான் இத்தனையும் செய்த பிறகு அது எவ்வளவு? அதே 210. பட்டை தூக்குவது உடலைத்தான். அச்சு சக்கரத்தோடு கட்டியது, அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ.; 215/75 போட்டால் 703. அச்சு ஏறுவது அதில் பாதி, 18 மி.மீ. தான். அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-ல் போவீர்கள், முதல் கியரின் இழுவையும் குறையும். நான் பழைய டயர் அளவையே வைத்துக்கொண்டேன்.

பின் என்னதான் கிடைத்தது? ஓடையில் இறங்கும்போது பம்பர் மண்ணைக் கிளறவில்லை. வரப்பைத் தாண்டும்போது வயிறு தட்டவில்லை. எல்லாவற்றையும்விட, அச்சு மேலேறி வர இடம் கிடைத்திருக்கிறது. அந்தத் தடத்தில் நாலு பேரோடு மூன்று முறை இறங்கினேன். ரப்பர் கட்டை ஒரு முறைகூட இடிக்கவில்லை. இதற்காகவே நான் மறுபடியும் செய்வேன்.

ஷாக் அப்சார்பர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் இல்லாமல் தனியாக ஓட்டினால் தார்ச் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் கையில் தெரிகிறது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள வண்டி இது. இதைவிடக் கனமான ஜீப்புக்கு எடுத்த அளவில் செய்தது போலிருக்கிறது. வளைவுகளில் வண்டி முன்பைவிடச் சாய்கிறது. சக்கரங்களின் இடைவெளி 1300 மி.மீ. சொச்சம்தான், எடை மேலே ஏற ஏறக் கவிழும் எல்லை நெருங்குகிறது. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய வேகத்தில் திருப்பியது போல இனித் திருப்ப மாட்டேன்.

சட்டத்தையும் பார்க்காமல் தொடங்கக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பின் கேட்கிற கேள்வி அல்ல இது.

கழற்றிய பட்டைகளை ஊர்க் கொல்லர் எடுத்துக்கொண்டார். அந்த எஃகில் தேங்காய் வெட்டும் அரிவாள் ஒன்று அடித்து எங்களுக்கே கொடுத்திருக்கிறார்.

600 கி.மீ.க்குப் பிறகு மறுபடி அளந்தேன்: 466, 464. புதுப் பட்டை இறங்கி உட்காருவது இயல்பு. அப்போது யூ போல்ட் நட்டுகளையும் சோதித்தேன். பதினாறில் ஏழு நட்டுகள் கால் சுற்று ஏறின. இன்னும் 500 ஓடியதும் மறுபடி அடியில் படுக்க வேண்டும்.