படுத்துவிட்ட குதிரை எதற்குச் சம்மதித்தது?

ராபர்ட் ரெட்ஃபோர்டு 1998இல் இயக்கி நடித்த 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படத்தில் சாட்டை கிடையாது, அதட்டல் கிடையாது. டாம் புக்கர் என்ற நாயகன் குதிரைகளோடு தணிந்த குரலில் பேசுகிறான். முரட்டு ஆண்களையே பார்த்துப் பழகிய நமக்கு இவன் ஆறுதலாகத் தெரிகிறான். அந்த ஆறுதலைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதை இதுதான். பனி மூடிய பாதையில் லாரி மோதியதில் கிரேஸ் என்ற பதின்வயதுப் பெண்ணின் தோழி இறந்துபோகிறாள். கிரேஸ் ஒரு காலை இழக்கிறாள். அவளுடைய குதிரை பில்கிரிம் உடல் கிழிந்து, யாரையும் அருகில் சேர்க்காத மிரட்சியோடு உயிர் பிழைக்கிறது. குதிரையைக் கொன்றுவிடச் சொல்பவர்களுக்கு இணங்காமல், பத்திரிகை ஆசிரியரான தாய் ஆனி, மகளையும் குதிரையையும் நியூயார்க்கிலிருந்து மொன்டானாவுக்குக் கூட்டிச் செல்கிறாள்.

படத்தில் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவதில், மிரண்டோடிய பில்கிரிம் புல்வெளியின் தொலைவில் நிற்கிறது. டாம் துரத்துவதில்லை. புல்லில் அமர்ந்து மணிக்கணக்கில் காத்திருக்கிறான். கடைசியில் குதிரை தானே நெருங்கி வருகிறது. அது வராமலும் இருந்திருக்கலாம். வெளி திறந்து கிடந்தது, ஓட இடம் இருந்தது. அதனால்தான் அந்த வருகைக்கு ஒரு மதிப்பு.

இரண்டாவது காட்சி படத்தின் உச்சம். டாம் குதிரையின் முன்னங்கால் ஒன்றைக் கயிற்றால் மடக்கிக் கட்டுகிறான். மூன்று காலில் நின்று போராடிய பில்கிரிம் சோர்ந்து தரையில் படுக்கிறது. டாம் அதைத் தடவிக் கொடுக்கிறான். கிரேஸை அழைத்துத் தொடச் சொல்கிறான். பிறகு அவளை ஏற்றி அமர்த்த, குதிரை அவளைச் சுமந்தபடி எழுகிறது. இசை உயர்கிறது, நம் கண்ணும் கலங்குகிறது. நம்பிக்கை திரும்பிவிட்டதாம்.

ஓடிப் பிழைக்கும் விலங்கு குதிரை. அதன் காலைக் கட்டுவது தப்பிக்கும் வழியையே கட்டுவது. இது ஒன்றும் புதிய வழியுமல்ல. ஜான் சாலமன் ரேரி என்ற அமெரிக்கர் 1858இல் விக்டோரியா அரசியின் முன் வித்தை காட்டியபோதும் முன்னங்காலை வாரால் மடக்கிக் கட்டித்தான் குதிரையைப் படுக்கவைத்தார். அவரையும் அன்பான வழியைக் கண்டவர் என்றே கொண்டாடினார்கள். 1989இல் மான்டி ராபர்ட்ஸ் தன் முறையைக் காட்ட வின்ட்ஸருக்கு அழைக்கப்பட்டார். அழைத்தவர் இரண்டாம் எலிசபெத். இரண்டு முறையும் ஒரு அரசி பார்த்து வியந்தார் என்பது சும்மா ஒரு குறிப்பு.

ராபர்ட்ஸ் கயிறு கட்டுவதில்லை. வட்ட வேலிக்குள் குதிரையை ஓடவிடுகிறார். நேராகப் பார்த்து, தோளை விரித்து நின்று, அதை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். அதன் ஒரு காது இவர் பக்கம் திரும்பி, வாய் மென்று, தலை தாழும்போது இவர் பார்வையைத் தாழ்த்தி முதுகைத் திருப்புகிறார். குதிரை வந்து தோளருகே நிற்கிறது. இதை அவர் குதிரையின் விருப்பம் என்கிறார். நடந்ததைத் தட்டையாகச் சொன்னால், ஒரு அழுத்தம் கொடுக்கப்பட்டது, அவர் விரும்பியது கிடைத்ததும் அது எடுக்கப்பட்டது. 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்து இதையே செய்து பார்த்தார்கள். குதிரைகள் காரை நோக்கித் திரும்பவும் நெருங்கவும் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரிடம் எந்தக் குதிரைக்கும் அன்பு பிறந்திருக்காது.

வேலி வட்டமாக இருக்கிறது, ஒதுங்க மூலை கிடையாது. நின்றால்தான் ஓய்வு. இதை நம்பிக்கை என்று பெயரிடுவது யார்? குதிரையல்ல. நமக்குப் பழக்கமான கணக்குதான் இது. எதிர்த்துப் பேசாவிட்டால் சம்மதம், வீட்டைவிட்டுப் போகாவிட்டால் திருப்தி. 'அடக்கம்' என்ற சொல் பெண்ணின் குணமாகப் புகழப்படும்போது, யார் அடக்கியது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே மறைந்துபோகிறது.

படத்திலும் ஆனிக்கு இதுதான் நடக்கிறது. புல்வெளிக்குக் குதிரை மிரண்டு ஓடியது எதனால்? அவளுடைய கைப்பேசி ஒலித்ததால். வேலையை விடமுடியாத தாய்தான் குற்றவாளி. நகரம், தொலைபேசி, கட்டளையிடும் குரல் எல்லாம் அவளிடமிருந்து மெல்லக் கழற்றப்பட்டு, சேணத்தின் மீது தளர்ந்து அமரக் கற்றுக்கொண்ட பெண்ணாக அவள் அழகாகிறாள். 'மன்னன்' (1992) படத்தில் தொழிற்சாலை முதலாளி கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியானதைப் பார்த்த நமக்கு இந்தப் பாதை தெரிந்ததே. அங்கே அறை, இங்கே தணிந்த குரல்.

படத்துக்கு ஆலோசகராக இருந்த பக் பிரானமன் பற்றிச் சின்டி மீல் எடுத்த 'பக்' (2011) ஆவணப்படத்தையும் சொல்லியாக வேண்டும். தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவர் அவர். அச்சம் உடலில் எங்கே தங்கும் என்று தெரிந்தவரின் கை அவருடையது. அடித்து உதைத்து ஏறி அமரும் பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். அதில் எனக்கு விவாதமில்லை. மென்மையான அழுத்தமும் அழுத்தம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதை உடனே விடத் தெரிந்தவர் நல்ல பயிற்சியாளர். அதை அன்பு என்று விற்பவரிடம்தான் என் சண்டை.

கிரேஸுக்கு ஒரு மூத்தவள் இருந்தாள், படம் அவளை நினைக்கவில்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டல் 1944இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். காலால் கட்டளையிட முடியாது. முதுகெலும்பும் இடுப்பும் எடை சாயும் விதமும்தான் மொழி. ஜூபிலி என்ற பெண்குதிரை அந்த மொழியைக் கற்றுக்கொண்டது. ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இருந்த டிரஸ்ஸாஜ் போட்டி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கும் திறந்தது. முதல் வாய்ப்பிலேயே ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார், 1956இல் மறுபடியும். குதிரைமீது ஏறவும் இறங்கவும் அவருக்குத் துணை வேண்டியிருந்தது. ஜூபிலிக்கும் கடிவாளம் உண்டு, பயிற்சி உண்டு. அவள் விரும்பித்தான் ஆடினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவர் உடலை மற்றவர் கவனித்தே ஆகவேண்டிய நிலை அங்கே இருவருக்கும் இருந்தது.

குதிரையைக் கேட்பது எப்படி என்பதற்கு நார்வேயில் ஒரு விடை கிடைத்தது. 2016இல் வெளியான ஆய்வில், 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்வை போர்த்துவார்கள், இன்னொன்றைத் தொட்டால் கழற்றுவார்கள். பரிசு கேரட். எதைத் தொட்டாலும் பரிசு ஒன்றுதான். மழையும் குளிருமான நாளில் குதிரைகள் போர்வை கேட்டன, வெயில் நாளில் கழற்றச் சொல்லின. மூன்றாவது பலகை வெறுமையாக இருந்தது. அதைத் தொட்டால், இப்போது இருப்பதே போதும், என்னை ஒன்றும் செய்யாதே என்று பொருள்.