நிகழ்ச்சியும் போக்கும்: சாய்நாத்தின் செய்திப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

சென்னை மாநகரின் கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, நகரின் தென்புறத்திலுள்ள பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின்னர் இக்குடியமர்த்தல் விரைவு பெற்றது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஒரே இடத்தில் எழுப்பப்பட்ட இப்பகுதி நாளிதழ்களில் எப்போது இடம்பெறுகின்றது? ஆற்றங்கரையில் குடிசைகள் இடிக்கப்படும் நாளில் இடம்பெறுகின்றது. வீட்டுச் சாவிகள் வழங்கப்படும் விழா நாளில் இடம்பெறுகின்றது. குற்றம் ஏதேனும் நேர்ந்த மறுநாளிலும் இடம்பெறுகின்றது. இந்நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் ஆண்டுகளிலும் அங்கு வாழ்வோர்க்கு நேர்ந்தது என்ன என்பதைச் செய்தியாளர் சிலர் அக்கறையோடு எழுதியுள்ளனர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் அதன் பெரும்பகுதி எழுதப்படாமலே போகின்றது.

நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட இவ்வெற்றிடத்தையே தம் வாழ்நாட் பணிக்குரிய களமாகக் கொண்ட செய்தியாளர் ஒருவர் நம் நாட்டில் உண்டு. 1957இல் சென்னையில் பிறந்த பி. சாய்நாத் அவர்களே அவர். மக்கள் உரிமைகளையும் சமுதாயச் சிக்கல்களையும் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவரும் அவரைப் பாராட்டுவோர் பலர். பாராட்டுரை வழங்குவது நம் நோக்கம் அன்று. அவருடைய முறை யாது, அது எவ்விடத்தில் வலிமையுடையது, எவ்விடத்தில் குறைவுபடுகின்றது, பெரும்பாக்கம் போன்றதோர் இடத்தில் அம்முறை எவ்வாறு பயன்படும் என்பவற்றை வாசகரோடு சேர்ந்து ஆராயவே விழைகின்றோம்.

1. மேசையிலிருந்து களத்திற்கு

சாய்நாத் சென்னை இலயோலாக் கல்லூரியிலும், பின்னர்ப் புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர், வரலாற்று மாணவர். 1980இல் யுனைட்டெட் நியூஸ் ஆஃப் இந்தியா என்னும் செய்தி நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார். அடுத்து, பம்பாயிலிருந்து வெளிவந்த பிளிட்ஸ் வார இதழில் வெளிநாட்டுச் செய்திப் பகுதியின் ஆசிரியராகவும், இதழின் துணையாசிரியராகவும் சுமார் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். பத்திரிகைத் தொழிலில் உயர்வு என்பது பொதுவாகக் களத்திலிருந்து மேசைக்குச் செல்வதாகும். இளமையில் ஊர் ஊராய் அலைந்தவர் நடுவயதில் ஆசிரியர் குழுவின் நாற்காலியில் அமர்வார். சாய்நாத்தின் பயணமோ இதற்கு நேர்மாறானது. 1993இல், தம் முப்பதுகளின் நடுப்பகுதியில், டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழின் ஆய்வு உதவித்தொகை ஒன்றைப் பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்களை நோக்கிப் புறப்பட்டார்.

அவர் புறப்பட்ட காலத்தையும் நாம் கருதவேண்டும். 1991இல் புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டபின், ஆங்கில நாளிதழ்கள் பங்குச் சந்தைக்கும் நகர நுகர்வோர்க்கும் மேன்மேலும் இடம் ஒதுக்கலாயின. அவ்வேளையில் பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து அவர் அனுப்பிய அறிக்கைகள் அதே நாளிதழில் வெளிவந்தன. தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவருடைய களங்களாயின. இவ்வறிக்கைகள் 1996இல் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்னும் நூலாயின. நல்லதொரு வறட்சி வந்தால் எல்லாருக்கும் விருப்பமே என்பது அத்தலைப்பின் பொருள். அதன்பின் தி இந்து நாளிதழில் தலித் மக்களின் உரிமைகள் பற்றித் தொடராக எழுதினார். 2004 முதல் 2014 வரை அந்நாளிதழின் ஊரகச் செய்திப் பிரிவின் ஆசிரியராய் இருந்தார். 2007இல் மகசேசே விருது பெற்றார். 2014 டிசம்பரில் ஊரக மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் 'பாரி' என்னும் இணைய ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அரசு வழங்கும் விருதுகளைச் செய்தியாளர் ஏற்கலாகாது என்பது அவர் கடைப்பிடித்துவரும் கொள்கை.

2. வறட்சி வேறு, வறுமை வேறு

அவருடைய முறைக்கு அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. செய்தி என்பது நிகழ்ச்சியை நாடுகின்றது. வறுமையோ நிகழ்ச்சி அன்று, அது ஒரு போக்கு. பட்டினிச் சாவு தலைப்புச் செய்தியாகும். அச்சாவுக்கு முன்னர்ப் பத்தாண்டுகளாய் நிலம் அடகுக்குப் போனதும், கூலி குறைந்ததும், மருத்துவர் இல்லாத சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்ததும் செய்தியாவதில்லை. வறட்சியை வானத்தின் குற்றமாகக் காட்டும் அறிக்கை, நிவாரணப் பணம் எவர் கைகளில் சேர்ந்தது என்று வினவுவதில்லை. இன்று ஜார்க்கண்டு மாநிலத்தைச் சேர்ந்த பலாமு மாவட்டத்தில் வறட்சி நிவாரணத்தை மக்கள் மூன்றாம் போகம் என்று அழைத்ததை அவர் பதிவுசெய்துள்ளார். அப்போகத்தை அறுவடை செய்தவர் உழவர் அல்லர் என்பதே அச்சொல்லின் கசப்பு. இந்நூலின் தலைப்புக்குரிய உண்மையை அச்சிற்றூர் மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். செய்தியாளர் செய்தது அதைக் காதுகொடுத்துக் கேட்டதேயாகும்.

ஒரிசாவின் கோராபுட் மாவட்டத்தில் சிக்காப்பார் என்னும் ஊரைப் பற்றி அவர் எழுதியது நம் பொருளுக்கு மிகவும் அண்மையது. பழங்குடியினரும் தலித் மக்களும் வாழ்ந்த அவ்வூர், 1968இல் போர் விமானத் தொழிற்சாலைக்காக அகற்றப்பட்டது. வேறிடத்தில் குடியேறியவர்கள் புதிய குடியிருப்புக்கும் பழைய பெயரையே இட்டனர். 1987இல் கடற்படையின் வெடிமருந்துக் கிடங்குக்காகவும் மேல்கோலாப் அணைத் திட்டத்துக்காகவும் அங்கிருந்தும் அகற்றப்பட்டனர். சாய்நாத் அங்குச் சென்ற காலத்தில் மூன்றாம் முறையாகவும் வெளியேறுமாறு அவர்களிடம் கூறப்பட்டிருந்தது. மூன்று வெளியேற்றங்களையும் தனித்தனிச் செய்திகளாய் வாசிப்போர்க்கு, அவை ஒவ்வொன்றும் நாட்டின் வளர்ச்சிக்குக் கொடுக்கவேண்டிய விலை என்றே தோன்றும். ஒரே குடும்பத்தின் தாத்தா, தந்தை, மகன் என்னும் மூன்று தலைமுறையின் வாழ்க்கையாக வாசிக்கும்போதுதான், அவ்விலையை ஏன் எப்போதும் ஒரே மக்கள் கொடுக்கின்றனர் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை எழுப்பியதே இவ்வறிக்கையின் சிறப்பு எனலாம்.

ஏழைகளை இரங்கத்தக்கவர்களாக மட்டும் அவர் காட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இராமநாதபுரத்துப் பனைத்தொழிலாளியைப் பற்றி எழுதுகையில், ஒரு நாளில் அவர் ஏறி இறங்கும் மரங்களின் உயரத்தைக் கூட்டிப் பார்க்கின்றார். அது ஆயிரக்கணக்கான அடியாகின்றது. வாசகர் உள்ளத்தில் இரக்கத்தைவிட வியப்பே முதலில் தோன்றுகின்றது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை அவர் எழுதியபோது, மிதிவண்டியை ஒரு போக்குவரத்துக் கருவியாக மட்டும் காணவில்லை. பேருந்துக்காகவும் ஆடவர் துணைக்காகவும் காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் தாமே சென்றுவரும் உரிமையாகவே கண்டார்.

3. எண்ணுதலும் ஓர் அறநெறி

இரண்டாவதாக, அவர் எண்களைக் கையாண்ட முறையை நாம் கருதவேண்டும். உழவர் தற்கொலைகள் பற்றித் தனித்தனிக் குடும்பங்களின் வரலாறுகளை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. தேசியக் குற்றப் பதிவு ஆணையம் 1995 முதல் தொகுத்த ஆண்டறிக்கைகளைப் பொருளியல் அறிஞர் கே. நாகராஜின் ஆய்வுத் துணையோடு பயன்படுத்தினார். 1995 முதல் 2010 வரை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உழவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்பது அரசின் பதிவுகளிலிருந்தே வெளிப்பட்டது. அவ்வெண்ணும் முழுமையானதன்று என்பதையும் அவர் எடுத்துரைத்தார். நிலத்தின் பட்டா தம் பெயரில் இல்லாத பெண்கள் உழவர் எனக் கணக்கிடப்படுவதில்லை. தலித், பழங்குடி உழவர் பலருக்கும் குத்தகைக்குப் பயிரிடுவோர்க்கும் இதுவே நிலை. 2014ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பில் வகைப்பாடு மாற்றப்பட்டபோது, எண்ணிக்கையின் குறைவுக்கும் சாவுகளின் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் சுட்டிக்காட்டினார்.

தம் தொழிலையும் அவர் எண்ணிப் பார்த்தார். 2006இல் மும்பையில் நடைபெற்ற ஆடையலங்கார வாரத்துக்கு 512 செய்தியாளர்கள் அனுமதி பெற்றிருந்தனர். அவ்வாரத்தில் பருத்தி விளையும் விதர்பாவில் உழவர் சாவுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மேடையில் காட்டப்பட்டவை பருத்தி ஆடைகள் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. 2009ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் பணம் பெற்றுக்கொண்டு வெளியிடப்பட்ட விளம்பரங்கள் செய்தி போன்று அச்சிடப்பட்டதை அவர் வெளிப்படுத்தியதும் இவ்வகைப்பட்டதே. தன் வீட்டுக் கணக்கையும் பார்ப்பவனுக்கே பிறர் கணக்கைக் கேட்கும் தகுதி உண்டு.

4. குறைகள் எனத் தோன்றுபவை

இத்துணைச் சிறப்புடைய பணியிலும் நாம் ஆராயத்தக்க குறைகள் உள. முதலாவது, அவருடைய அங்கதம். அலுவலகங்களின் மடமையை எள்ளி நகையாடுவதில் அவர் வல்லவர். ஆயினும் சிரித்த வாசகர் தம் சினத்தைத் தணித்துக்கொண்டு அமைதியடைந்துவிடும் வாய்ப்பும் உண்டு. மேலும், கீழ்நிலை அலுவலர் பலர் அவருடைய பக்கங்களில் நகைப்புக்குரியவராய் வந்து போகின்றனர். மேலிடத்து ஆணைக்கும் மக்களின் கண்ணீருக்கும் இடையே அகப்பட்டவரின் நிலை போதிய அளவு விளக்கம் பெறவில்லை. தீமை எவ்வாறு நடைமுறையாகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இது ஓர் இழப்பே.

இரண்டாவது, மொழி. இராமநாதபுரத்து மிளகாய் உழவரும் பனைத்தொழிலாளியும் தமிழில் பேசினர். அவர்கள் பேச்சு ஆங்கிலத்தில் அச்சாயிற்று. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதனை வாசித்து, சரி என்றோ தவறு என்றோ மறுமொழி கூற இயலவில்லை. பிற்காலத்தில் பாரி ஆவணக் காப்பகம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தன் கட்டுரைகளை வெளியிட முற்பட்டது இக்குறையை உணர்ந்த செயல் என்றே கொள்கின்றோம்.

மூன்றாவது, நகரம். ஊரகமே தம் களம் என அவர் வரையறுத்துக்கொண்டது நியாயமானதே. பெரிய நாளிதழ்கள் முழுமையாய்க் கைவிட்டிருந்தது அதனைத்தான். பிழைப்புத் தேடிப் புலம்பெயர்வோரைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். ஆனால் சிற்றூரை விட்டு வந்தவர் ஆற்றங்கரையில் குடிசை இட்டு, இரண்டு தலைமுறை வாழ்ந்து, பின்னர் அங்கிருந்தும் பெயர்க்கப்படும் நீண்ட கதை அவருடைய எழுத்தின் எல்லையோரத்திலேயே நின்றுவிடுகின்றது. இக்குறையை அவர்மீது சுமத்துவதைக் காட்டிலும், அடுத்து வருவோர்க்குரிய கடமையாகக் கொள்வதே பொருத்தம்.

5. பெரும்பாக்கத்தில் தொடங்கவேண்டிய பணி

சிக்காப்பாரை வாசித்த கண்களோடு பெரும்பாக்கத்தைக் காண்போர்க்கு ஒற்றுமைகள் புலப்படும். குடிசைமாற்று வாரியம் 1970இல் தோன்றியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே வீடுகளைக் கட்டித் தருவது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்றாய் இருந்தது. நாளடைவில் நகரின் புறத்தே பெருந்தொகுதிகளாய்க் குடியமர்த்தும் முறை வலுப்பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் கண்ணகி நகரும், பின்னர்ச் செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கமும் உருவாயின. 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதே ஆற்றங்கரை மக்களை அகற்றியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவர்கள் கொண்டுவந்து விடப்பட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்திலும் வெள்ளம் சூழ்ந்தது.

வெள்ளம் ஒரு நிகழ்ச்சி, அது செய்தியாயிற்று. போக்கினை அறிய வேண்டுமாயின் வேறு வினாக்களைக் கேட்கவேண்டும். மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீட்டுவேலை செய்துவந்த பெண்ணுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து பேருந்தில் சென்றுவர எவ்வளவு நேரமாகின்றது? அவ்வேலையை விட்டவர் எத்தனை பேர்? பள்ளி ஆண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளுள் மீண்டும் பள்ளியில் சேர்ந்தவர் எத்தனை பேர், நின்றுவிட்டவர் எத்தனை பேர்? மின்தூக்கி பழுதுற்ற நாள்களில் ஏழாம் மாடியிலுள்ள முதியவர் எவ்வாறு மருத்துவமனைக்குச் செல்கின்றார்? வீட்டின் விற்பனைப் பத்திரம் எவர் பெயரில், எப்போது கிடைக்கின்றது? வேலை கேட்டுச் செல்லும் இளைஞர் தம் முகவரியைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் ஏன் மாறுகின்றது? கடைசி வினாவுக்கு நாளிதழ்களும் ஓரளவு பொறுப்பாகும். ஓரிடத்தைக் குற்றம் நிகழும் நாளில் மட்டும் எழுதிவந்தால், வாசகர் உள்ளத்தில் குற்றமே அவ்விடத்தின் பெயராகிவிடும். உரிமைகள் பறிபோகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பெரும்பாக்கத்திலேயே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டிடம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுத் தமிழை ஏடுகளிலிருந்து மீட்கும் அறிஞர் பணி போற்றத்தக்கது. அதற்கு அண்மையில் வாழும் பல்லாயிரம் மக்களின் பேச்சும் தமிழே. தாம் எங்கிருந்து வந்தோம், என்ன இழந்தோம், இங்கு எவ்வாறு வேரூன்ற முயல்கின்றோம் என அவர்கள் கூறுவதை எழுதிவைப்பாரும் வேண்டும்.

இதற்குப் பெரிய நாளிதழின் ஊதியமோ ஆய்வு உதவித்தொகையோ இன்றியமையாததன்று. சாய்நாத்தின் பணியிலிருந்து நாம் பெறத்தக்கவை எளிய மூன்று பழக்கங்களே: திரும்பத் திரும்பச் செல்லுதல், பொறுமையோடு கேட்டல், கேட்டதை எண்ணிச் சரிபார்த்தல். களப்பயிற்சிக்காக இத்தகைய குடியிருப்புகளுக்குச் செல்லும் நம் மாணவரும், அங்குப் பணிபுரியும் வாசகரும், ஒரே படிக்கட்டைச் சேர்ந்த சில குடும்பங்களின் நிலையை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவரலாம். பதிந்ததை அக்குடும்பத்தாருக்கே வாசித்துக் காட்டித் திருத்தம் பெறவும் வேண்டும். அவ்வாறு ஐந்தாண்டுகள் எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு, அடுத்த ஆற்றங்கரை இடிக்கப்படுமுன் அதிகாரிகளின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வைக்கத்தக்க சான்றாகும்.